கொழும்பில் -116 பாகை குளிர்! கணினி ஏன் இப்படிச் சொன்னது?

[திரையில்: காலிமுகத்திடல், மத்தியான வெயில்]

வணக்கம் மக்களே! காலிமுகத்திடலில் இஸ்ஸோ வடையோடு நின்றாலே சட்டை நனைந்துவிடும். ஆனால் என் நிரல் சொல்கிறது, இந்த ஊரின் வாரச் சராசரி -116 பாகை செல்சியஸாம்! தரையில் அளந்த கடுங்குளிரே 1983இல் அந்தார்ட்டிக்காவின் வொஸ்டொக் நிலையத்தில் பதிவான -89.2தான். வொஸ்டொக்கையே தோற்கடித்துவிட்டோம், ஒரு லைக் போடுங்கள்.

[திரையில்: 30, 31, 30, -999, 31, 32, 30]

உதாரணத்துக்கு நான் போட்ட எண்கள் இவை. நாலாம் நாள் அளவீடு இல்லை, அதனால் -999. வானிலைத் தரவில் இது பழைய வழக்கம். கணினிக்கு அதுவும் ஒரு எண்தான், கூட்டிவிட்டது.

சரி, -999க்குப் பதில் 0 போடலாமே? அது இன்னும் மோசம். சராசரி 26.3 வரும். யாருக்காவது சந்தேகம் வருமா? "மழை பெய்திருக்கும் போல" என்று அறிக்கையில் போட்டுவிடுவார்கள். உண்மையில் ஆறு நாள் சராசரி 30.7. -116 தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும், 26.3 நல்ல பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும்.

இதற்குத்தான் நேன், அதாவது "இது எண்ணே அல்ல" என்று கணினிக்குச் சொல்லும் குறி. கணினி தசம எண்களை எப்படி வைக்கவேண்டும் என்று 1985இல் வந்த ஐஈஈஈ 754 தரத்திலேயே இருக்கிறது. நேனோடு எதைக் கூட்டினாலும் நேன். இன்னொரு கூத்து, நேன் தனக்கே சமமில்லை!

[திரையில்: நேன் == நேன் → பொய்]

அதனால் == போட்டுத் தேடினால் ஒன்றும் அகப்படாது. பைதான் மொழியில் அட்டவணைத் தரவைக் கையாளும் பாண்டாஸ் தொகுப்பில் இஸ்னா என்ற செயற்கூறைக் கேளுங்கள்.

இப்போது எனக்குப் பிடித்த இடம், வீடியோவை ஓட்டிவிடாதீர்கள். 64 பிட் தசம எண் என்றால் 0 அல்லது 1 எழுத 64 இடம். அதில் எண்ணின் அளவைச் சொல்லும் அடுக்குக்கான 11 பிட்டும் 1 ஆகி, கூட்டல் கழித்தல் குறிக்கான ஒரு பிட் போக மற்ற 52 பிட்டில் ஒன்றாவது 1 ஆக இருந்தால் அது நேன். அப்படியானால் நேன் ஒன்றல்ல, ஏறக்குறைய 9,000 இலட்சம் கோடி! அத்தனை இடமும் சும்மா கிடக்கிறது. புள்ளியியலுக்கான ஆர் என்ற நிரல் மொழியைச் செய்தவர்கள் அதில் ஒரு மூலையைப் பிடித்து 1954 என்ற எண்ணை எழுதிவைத்தார்கள். 1954 இருந்தால் அது என்ஏ, அதாவது அளவீடே இல்லை. இல்லாவிட்டால் வெறும் நேன், 0/0 மாதிரிக் கணக்கில் வந்த குப்பை. அந்த மொழியை உருவாக்கிய இருவரில் ஒருவரான ராஸ் இஹாக்கா பிறந்ததும் 1954இல்தான். பிறந்த ஆண்டை இப்படி ஒளித்துவைக்க யாருக்குத்தான் ஆசை வராது!

முழு எண்ணில் இந்த வசதி இல்லை. ஆர் தன் மிகச் சிறிய முழு எண்ணான -2147483648ஐப் பலிகொடுத்து அதையே என்ஏ ஆக்கிவிட்டது. பாண்டாஸோ, ஒரு அளவீடு விடுபட்டாலே வழக்கமாக அந்த நெடுவரிசை முழுவதையும் தசமமாக்கிவிடும், 5 போட்டால் 5.0 ஆகிவிடும். அது பிடிக்காவிட்டால் விடுபட்ட இடத்தையும் ஏற்கும் முழு எண் வகையான, ஆங்கிலப் பெரிய எழுத்து ஐயில் தொடங்கும் இன்ட்64ஐ எடுங்கள்.

உங்கள் அலுவலகத்து எக்செல் கோப்பில் வயது தெரியாவிட்டால் என்ன போடுகிறார்கள், -1ஆ, 99ஆ? கீழே எழுதுங்கள். 99 என்றால், வெள்ளவத்தையில் உண்மையாகவே 99 வயதில் சந்தைக்குப் போகும் ஆச்சியை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள் என்றும் கேட்டுச் சொல்லுங்கள்.