பெர்னூலி வீட்டுச் சண்டை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். சுவிட்சர்லாந்தின் பெர்னூலி குடும்பத்தை உயர்த்தியது வீட்டின் அரவணைப்பா, வீட்டோடு போட்ட சண்டையா? சண்டைதான் என்று பேச வந்திருக்கிறேன்.

"மூன்று தலைமுறையில் எட்டுக் கணித அறிஞர்கள், ரத்தத்திலேயே கணக்கு ஓடியது" என்று எதிரணித் தலைவர் உருகினார். ஐயா, அந்த வீட்டில் ஓடியது மசாலாச் சரக்கு வியாபாரம்! ஆண்ட்வெர்ப்பிலிருந்து மதக் கொடுமைக்குத் தப்பி வந்து பாசெல் நகரில் வேரூன்றிய குடும்பம். மகன் யாக்கோப் இறையியல் படிக்க வேண்டும் என்றார் அப்பா. மகனோ அதையும் படித்துக்கொண்டு, கூடவே கணக்கும் வானியலும் கற்றார். நாமெல்லாம் அப்பாவுக்குத் தெரியாமல் சினிமாவுக்குப் போனோம். அவர் கணக்குப் போட்டார். 'அப்பா விருப்பத்தை மீறி விண்மீன்களை ஆராய்கிறேன்' என்று லத்தீனில் தனக்கொரு வாசகமே வைத்துக்கொண்டார். 1687-ல் பாசெல் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியரும் ஆனார்.

தம்பி யோகானுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது அண்ணன்தானே என்பீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். கற்றுக்கொண்ட தம்பி என்ன செய்தார்? 1696-ல் ஊருலகத்துக்கே ஒரு புதிர் போட்டார். மேலே ஒரு புள்ளி, கீழே சற்றுத் தள்ளி இன்னொரு புள்ளி; ஒரு சிறு பாசிமணி உராய்வில்லாமல் தானாகச் சறுக்கி மிகச் சீக்கிரம் வந்து சேர எது பாதை? நேர்கோடு என்றுதான் நமக்குத் தோன்றும். இல்லை! உருளும் சக்கரத்தின் விளிம்பில் ஒட்டிய புள்ளி வரைகிற வளைவைத் தலைகீழாகப் போட்டால் வருமே, அதுதான். அண்ணனும் விடை கண்டார். கண்டதோடு விட்டாரா? அதைவிடக் கடினமான கணக்கைத் தம்பி தலையில் போட்டார். ஆய்விதழ்களிலேயே அடித்துக்கொண்டார்கள். அந்த அடிதடியில்தான், எண்ணற்ற வளைவுகளில் சிறந்தது எது என்று தேடும் தனிக் கணிதத் துறை வளர்ந்தது.

அண்ணனைப் போலவே அப்பாவை மீறிய யோகான், தாமே அப்பாவானதும் மகன் டேனியலை வியாபாரம் பழகச் சொன்னார்! 1734-ல் பாரிஸ் அறிவியல் அகாதெமி இருவருக்கும் பரிசைப் பகிர்ந்து கொடுத்தபோது, மகனோடு தன்னைச் சமமாக வைத்தார்களே என்று அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. 1738-ல் மகன் நீரியக்கம் பற்றி நூல் வெளியிட்டார். பிறகு அப்பாவும் அதே பொருளில் ஒன்றை வெளியிட்டு, 1732-லேயே எழுதியதாகத் தேதி போட்டார்.

மணி அடித்துவிட்டீர்கள், ஒரே நிமிடம். பாசெலின் அந்தக் கணிதப் பேராசிரியர் நாற்காலி நூறாண்டு குடும்பத்தை விட்டுப் போகவில்லை என்றார்கள் எதிரணியினர். யாக்கோப் உயிரோடு இருந்தவரை தம்பிக்கு அதில் இடமில்லை. ஹாலந்தில் குரோனிங்கனுக்குப் போய்ப் பாடம் நடத்தினார். 1705-ல் அண்ணன் கண்ணை மூடிய பிறகுதான் நாற்காலி கைக்கு வந்தது. இதுதான் ஐயா உங்கள் அரவணைப்பு!