பாடப் பாட ராகம்

(நூலக வாசகர் கூட்டத்தில் பேசியது)

விழாத் தலைவர் ஐயா அவர்களே, பள்ளி வேலைகளை ஒதுக்கிவிட்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, இந்த இடத்தைத் தந்த நூலகர் அவர்களே, மைக் செட்டுக்குக் காசே வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்ட தம்பி, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் க்வேபி சகோதரிகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவர்கள் பாடும் விதம், நாட்டுப்புற இசையும் ஜாஸும் கலந்த அந்த வெஸ்டர்ன் ஸ்விங் இசை வந்த கதை, அதில் ஸ்டீல் கிட்டாருக்கு உள்ள இடம் என்று மூன்று செய்திகள். 'பாடப் பாட ராகம், மூட மூட ரோகம்' என்பார் என் பாட்டி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1998இல் டெண்டன் என்ற ஊரில் ஒரு ஃபிடில் போட்டி. நம் வயலின்தான், அங்கே நாட்டுப்புறப் பாணியில் வாசித்தால் ஃபிடில். பார்க்கப் போன இந்த மூன்று சகோதரிகளும் அப்போது சிறுமிகள்; மூத்தவளுக்கு வயது 12, கடைக்குட்டிக்கு 7. கேட்டதும் ஆசை பிடித்துக்கொண்டது. கற்றார்கள், போட்டிகளில் வென்றார்கள், அப்புறம் பாடவும் தொடங்கினார்கள்.

நம் பஜனையில் பத்துப் பேர் பாடினாலும் ஸ்வரம் ஒன்றுதான். இவர்களில் ஒருவர் 'ச' பிடித்தால் அடுத்தவர் 'க', இன்னொருவர் 'ப'. மெட்டு எங்கே போனாலும் மூன்றும் ஒட்டியபடியே போகும். ஒரு சொல்லின் கடைசி மெய்யெழுத்தை ஒருவர் கொஞ்சம் முந்தி மூடினாலும் காதில் உறுத்தும். குரல் ஓய்ந்ததும் மூன்று ஃபிடில்கள் அதே இழைகளை எடுத்துக்கொள்ளும்.

இவர்கள் பாடும் வெஸ்டர்ன் ஸ்விங் இசைக்குப் பெரிய பெயர் பாப் வில்ஸ். 1905இல் பிறந்தவர், பருத்திக்காட்டுப் பிள்ளை. பக்கத்தில் பருத்தி எடுத்த கறுப்பினத்தவர் பாட்டைக் கேட்டே வளர்ந்தார். அந்தக் காலத்தில் பெஸ்ஸி ஸ்மித் என்றால் ப்ளூஸ் என்ற கறுப்பினத்தவர் பாட்டு வகையின் பேரரசி. அந்த அம்மா பாட வருகிறார் என்று தெரிந்ததும் இளைஞர் என்ன செய்தார்? குதிரை மேல் ஏறிவிட்டார்! ஐம்பது மைல் என்கிறார்கள். நினைத்துப் பாருங்கள் ஐயா, எண்பது கிலோமீட்டர்! வெயில், புழுதி, முதுகு நோவு. எல்லாம் ஒரு குரலைக் காதால் கேட்பதற்கு! அப்படிக் கேட்டவர்தான் பின்னாளில் ஃபிடிலோடு ஜாஸின் ஊதுகருவிகளையும் டிரம்ஸையும் சேர்த்து, டல்சா நகர வானொலி வழியே ஊரையே ஆட வைத்தார். 2011இல் டெக்சாஸ் இதைத் தன் அதிகாரபூர்வ மாநில இசையாகவே அறிவித்தது.

வில்ஸ் கேட்டார், பாடினார். அந்தச் சிறுமிகளும் அப்படித்தான். நம் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு எங்கே? என் பேத்தியின் பள்ளியில் வாரம் ஒரே ஒரு பாட்டு பீரியட். பரீட்சை நெருங்கினால் அதையும் கணக்குக்கு எடுத்துக்கொள்கிறார்கள். மூட மூட ரோகம் என்று பாட்டி சொன்னது இதைத்தான். கணக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த நாற்பது நிமிடத்தை மட்டும் விட்டுவைக்கக் கூடாதா?

தலைவர் ஐயா மணி பார்க்கிறார்; ஸ்டீல் கிட்டாருக்கு இன்று நேரமில்லை. வாசல் மேசையில் பாட்டு பீரியடை விட்டுவைக்கக் கேட்கும் மனு இருக்கிறது, பேனாவையும் நூலில் கட்டி வைத்திருக்கிறேன். தலைமையாசிரியை அம்மா, முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்க வேண்டும்.