உத்தி பிரிக்கும் பிள்ளைகள்

அன்பான நேயர்களுக்கு என் வணக்கம்.

29 வருடங்கள் திருகோணமலை மாவட்டப் பாடசாலைகளில் உடற்கல்வி படிப்பித்தவள் நான். ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் பின்னேரம் நான்கரை ஆனால் கால் தானாக மைதானப் பக்கம் போகிறது. இன்றைக்குப் பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டார்கள். நெடுநாளாக என் மனதில் கிடக்கிற ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். இன்று விளையாடிய பிள்ளை நாளைக்கும் வர ஆசைப்படுவது எதனால்? ஆசையோடு வந்த பிள்ளை ஒரு நாள் வராமலே நின்றுவிடுவது எதனால்?

கச்சான் காற்றின் வெக்கை தணிகிற நேரமாகப் பார்த்து டச்பே கடற்கரைக்குப் போங்கள். மனையாவெளிப் பக்கமோ திருக்கடலூர்ப் பக்கமோ போனாலும் சரி. எங்கேயாவது ஓரிடத்தில் பிள்ளைகள் ஈர மணலில் காலால் கோடு கிழித்துக்கொண்டிருப்பார்கள். கிளித்தட்டாக இருக்கலாம், உதைபந்தாக இருக்கலாம். ஆட்டத்தை விடுங்கள், அதற்கு முன்னால் அவர்கள் அணி பிரிக்கிறார்களே, அதைப் பாருங்கள். இரண்டு பேர் தலைவர்களாக நிற்பார்கள். மற்றவர்கள் இரண்டிரண்டு பேராகத் தோளில் கைபோட்டுக்கொண்டு தள்ளிப் போய், இரகசியமாகப் பெயர் வைத்துக்கொண்டு திரும்பி வருவார்கள். "சூரியன் வேணுமா, சந்திரன் வேணுமா?" தலைவர் ஒன்றைச் சொல்வார். சூரியன் இந்தப் பக்கம், சந்திரன் அந்தப் பக்கம்.

இதுதான் உத்தி பிரிப்பது. நானும் சின்ன வயதில் பிரித்திருக்கிறேன். ஆனால் அதில் எவ்வளவு புத்தி இருக்கிறது என்று ஆசிரியராகிப் பல வருடம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. சோடி சேரும்போது பிள்ளைகள் தங்களுக்குச் சமமானவரோடுதான் சேர்வார்கள். வேகமாக ஓடுகிறவன் வேகமாக ஓடுகிறவனோடு, புதிதாக வந்தவள் புதிதாக வந்தவளோடு. ஆகவே இரண்டு அணியும் தானாகவே சமமாகிவிடும். கடைசி வரைக்கும் யாருக்கும் வேண்டாதவராக ஒருவரும் நிற்கவேண்டி வராது. "சூரியன்" என்றுதானே கேட்டார்கள், பெயர் சொல்லி யாரையும் ஒதுக்கவில்லையே.

ஆட்டம் தொடங்கிய பிறகும் இதே கவனம் தொடரும். ஒரு பக்கம் ஐந்து கோல் போட்டுவிட்டால் "இது சரிவராது, நீ அங்கால போ" என்று ஆளை மாற்றுவார்கள். யாராவது ஒருத்தியின் தம்பி, நாலு வயதுக்காரன், அழுதுகொண்டு நின்றால் அவனையும் ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். அவனைத் தொட்டாலும் அவன் அவுட் இல்லை. எதிர்ப்பக்கம் சலித்துப்போய் வீட்டுக்குப் போனால் ஆட்டம் முடிந்துவிடும் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். எனவே அவர்கள் வெல்ல முயற்சி செய்வார்கள், கத்துவார்கள், சண்டையும் பிடிப்பார்கள், ஆனால் ஆட்டத்தை மட்டும் சாகவிட மாட்டார்கள்.

மிஹாய் சிக்செண்ட்மிஹாய் என்று ஓர் உளவியலாளர் இருந்தார். ஹங்கேரிய வம்சம், அமெரிக்காவில் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் வேலை செய்தவர். 1970களில் அவர் மலையேறுகிறவர்கள், சதுரங்கம் ஆடுகிறவர்கள், நடனம் ஆடுகிறவர்கள், சத்திரசிகிச்சை செய்யும் வைத்தியர்கள் என்று பலரிடம் போய், செய்கிற காரியத்தில் தன்னையே மறந்துபோகிற நேரம் எப்படி இருக்கும் என்று கேட்டார். தமிழில் நாம் லயித்துப்போவது என்கிறோமே, அந்த நிலையைத்தான் கேட்டார். அவர் கண்டது இது. காரியம் நம் திறமைக்கு மிக இலேசாக இருந்தால் சலிப்பு வரும். மிகக் கடினமாக இருந்தால் பயம் வரும். திறமையும் சவாலும் ஏறக்குறைய சமமாக நிற்கும்போதுதான் மனம் லயிக்கும். உத்தி பிரிக்கிற பிள்ளைகள் செய்வது இதையேதான். அவர்கள் மணலில் கோடு போடும்போதே லயிப்பதற்கு இடம் செய்துவிடுகிறார்கள்.

இனி நாங்கள், பெரியவர்கள், நடத்துகிற விளையாட்டுக்கு வருகிறேன். 30 பிள்ளைகள் பயிற்சிக்கு வருகிறார்கள். 11 பேரைத் தெரிவு செய்கிறோம். மிச்சம் 19 பேரும் கோட்டுக்கு வெளியே நின்று பந்து பொறுக்குகிறார்கள். கடற்கரையில் ஒப்புக்குச் சப்பாணிக்குக் கிடைத்த இடம்கூட எங்கள் மைதானத்தில் அவர்களுக்கு இல்லை. இரண்டு மாதம் கழித்து "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டில் அக்கறை இல்லை, எந்நேரமும் ஃபோன்தான்" என்று நாங்களே பேசிக்கொள்கிறோம். நானும் பேசியிருக்கிறேன்.

என்னிடம் ஓடிய ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயர் வேண்டாம். 12 வயதில் இல்ல மெய்வல்லுநர் போட்டியில் 800 மீற்றர் ஓடினாள். காலில் சப்பாத்து இல்லை. முடிவுக் கோட்டைத் தாண்டியும் நிற்காமல் இன்னும் கொஞ்சத் தூரம் ஓடிக்கொண்டே போனாள், சிரித்துக்கொண்டு. எனக்கு அன்று இரவு நித்திரை வரவில்லை, அவ்வளவு சந்தோசம். கோட்டமட்டம், வலயமட்டம், அப்புறம் மாகாணமட்டம் என்று கொண்டுபோனேன். காலையும் மாலையும் பயிற்சி. என் கையில் எந்நேரமும் நிறுத்தற்கடிகாரம். ஓடி வந்தவளிடம் நான் முதலில் சொன்னது எப்போதும் நேரத்தைத்தான். "2 செக்கன் கூட" என்பேன். இரண்டு வருடம் போனது. ஒரு நாள் என் முன்னால் வந்து நின்று சொன்னாள்: "ரீச்சர், முந்தி ஓட ஆசையா இருந்தது. இப்ப ஓடாட்டிப் பயமா இருக்கு. அதான் ஓடுறன். இனி வரேல்ல."

சோம்பல் என்று நினைத்தேன். தாயிடம் போய்ப் பேசினேன். வரவே இல்லை. அந்தப் பிள்ளை சொன்ன இரண்டு வரியில் உளவியல் பாடம் முழுதும் இருந்தது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஆசை எப்படிப் பயமாக மாறுகிறது? அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பாலர் பாடசாலையில் செய்த ஒரு சோதனை 1973இல் வெளிவந்தது. வர்ணப் பேனையால் படம் வரைவதில் தாங்களாகவே ஆசை வைத்திருந்த பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். சிலரிடம் "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். தங்க நட்சத்திரமும் நாடாவும் வைத்த சான்றிதழ். வேறு சிலருக்கு ஒன்றும் சொல்லாமல் வரைந்து முடித்த பிறகு கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஒன்றுமே இல்லை. ஒன்றிரண்டு கிழமை கழித்து, விருப்பமானதைச் செய்யலாம் என்று விட்டுப் பார்த்தபோது, சான்றிதழுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய அரைவாசி நேரம்தான் பேனையைத் தொட்டார்கள். எதிர்பாராமல் வாங்கியவர்களுக்கு ஆசை குறையவில்லை. ஆகவே பரிசு கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். பரிசுக்காகச் செய்கிறேன் என்ற எண்ணம் மனதில் ஏறிவிட்டால், பழைய ஆசை மெல்ல இடம்விட்டுப் போய்விடுகிறது. எங்கள் வீடுகளில் சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கோப்பாக்கி "நாளைக்கு நேர்முகப் பரீட்சைக்கு உதவும்" என்று பிள்ளையின் முன்னாலேயே சொல்கிறோமே, அதை நினைத்துப் பாருங்கள்.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் றையன் என்ற இருவர் இந்த ஆசையைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவர்கள். ஒரு பிள்ளை ஒன்றில் மனமொன்றி நிற்பதற்கு மூன்று விசயம் வேண்டும் என்கிறார்கள். இதை நானாக விரும்பிச் செய்கிறேன் என்ற உணர்வு. எனக்கு இது வருகிறது, நேற்றைவிட இன்று நன்றாக வருகிறது என்ற உணர்வு. இங்கே எனக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு. என்னிடம் ஓடிய பிள்ளையிடம் முதலாவதை நான் பறித்தேன். நிறுத்தற்கடிகாரத்தைக் காட்டிக்காட்டி இரண்டாவதைக் கெடுத்தேன். தனியாக விடியற்காலையில் ஓடவிட்டு மூன்றாவதையும் இல்லாமல் செய்தேன். கெட்ட எண்ணம் துளியும் இல்லாமல்தான் செய்தேன்.

பிள்ளைகளிடமே கேட்டால் என்ன சொல்வார்கள்? அதையும் செய்திருக்கிறார்கள். ஜோர்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அமாண்டா விசெக் என்பவரும் கூட்டாளிகளும் உதைபந்தாடும் பிள்ளைகளிடம் விளையாட்டில் எது சந்தோசம் தருகிறது என்று கேட்டுத் தொகுத்தார்கள். 81 விசயங்கள் வந்தன. முயற்சி செய்து ஆடுவது, அணியில் ஒருவருக்கொருவர் கைகொடுப்பது, பயிற்றுநர் மரியாதையாக நடத்துவது போன்றவை மேலே நின்றன. வெல்வது 48ஆவது இடத்தில் இருந்தது. பிள்ளைக்கு வெற்றி பிடிக்கும், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அதற்கு முன்னால் அவர்களுக்கு 47 விசயம் இருக்கிறது. நாங்கள் மைதான ஓரத்தில் நின்று கத்துவதெல்லாம் அந்த 48ஆவதைப் பற்றித்தான்.

பயிற்றுவிக்கும் தம்பி தங்கைகள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் அடுத்த செய்தி உங்களுக்கு. வாஷிங்டன் மாநிலத்தில் ரொனால்ட் ஸ்மித், ஃபிராங்க் ஸ்மோல் என்ற இருவர் சிறுவர் பேஸ்போல் பயிற்றுநர்களை வருடக்கணக்காக மைதானத்தில் இருந்து கவனித்தார்கள். பிறகு ஒரு சிறு பயிற்சியை உருவாக்கினார்கள். பிள்ளை நன்றாகச் செய்தாலும் முயன்றாலும் உடனே சொல்லுங்கள். பிழை விட்டால் முதலில் தைரியம் கொடுங்கள், பிறகு எப்படித் திருத்துவது என்று காட்டுங்கள். ஏசாதீர்கள், தண்டனையாக ஓடவிடாதீர்கள். இவ்வளவுதான். 1992இல் வெளிவந்த ஆய்வில், இந்தப் பயிற்சி பெற்றவர்களிடம் ஆடிய பிள்ளைகளில் 100க்கு 5 பேர்தான் அடுத்த வருடம் விலகினார்கள். பயிற்சி பெறாதவர்களிடம் 100க்கு 26 பேர். இரண்டு பக்கத்து அணிகளும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வென்றும் தோற்றும் இருந்தன. தன்னைப் பற்றித் தாழ்வாக நினைக்கிற பிள்ளைக்குத்தான் நல்ல பயிற்றுநரால் அதிக பலன் என்றும் அவர்கள் கண்டார்கள். எங்கள் வகுப்பில் அப்படிப்பட்ட பிள்ளை யாரென்று எங்களுக்குத் தெரியும். வரிசையில் கடைசியாக நிற்கும்.

அப்புறம் பெண்பிள்ளைகள். இதை நான் விட்டுவிட்டுப் போக முடியாது. கிண்ணியாவோ மூதூரோ தம்பலகாமமோ நகரமோ, 13, 14 வயதில் எங்கள் பெண்பிள்ளைகள் கூட்டமாக விளையாட்டை விட்டு நின்றுவிடுகிறார்கள். ஆர்வம் குறைந்துவிட்டது என்று எழுதிவிடுவது சுலபம். போய்க் கேட்டுப் பாருங்கள். என்ன உடுப்பு, யார் பார்ப்பார்கள், மாதவிடாய் நாளில் மாற்றிக்கொள்ள மைதானத்தில் இடம் இருக்கிறதா, இருட்டுப்படுமுன் யார் வீட்டுக்குக் கூட்டிப்போவது, ரியூசனுக்கு நேரமாகிறதே. இத்தனை யோசனையும் தலைக்குள் ஓடும் பிள்ளைக்கு எங்கே லயிப்பு வரும்? கடைசியாக நான் இருந்த பாடசாலையில் வலைப்பந்துப் பிள்ளைகளிடமே உடுப்பைத் தீர்மானிக்கச் சொன்னேன். நீளக் காற்சட்டை, நீளக் கைச்சட்டை, தலையை மூடுகிறவர்கள் மூடலாம் என்று அவர்களே முடிவெடுத்தார்கள். பயிற்சியை ஐந்தே காலுக்கு முடித்தோம். பூட்டோடு ஓர் அறை கேட்டு வாங்கினோம். வேறு எதையும் நான் மாற்றவில்லை. நின்றுபோன பிள்ளைகளில் நாலு பேர் திரும்பி வந்தார்கள்.

இப்படி விளையாட விட்டால் யார் வெல்வது என்று கேட்பார்கள். நோர்வேயில் 1987இலேயே சிறுவர் விளையாட்டுக்கென்று விதிகளை எழுதிவைத்துவிட்டார்கள். 13 வயதுக்கு முன் தேசியமட்டப் போட்டி கிடையாது. சின்னப் பிள்ளைகளின் போட்டிகளில் தரவரிசைப் பட்டியல் போடுவதில்லை. எந்த விளையாட்டு, எவ்வளவு நேரம் என்பதில் பிள்ளைக்கும் பேச்சுரிமை உண்டு. எங்கள் சனத்தொகையில் கால்பங்குதான் அந்த நாடு. 2022 பீஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கம் எடுத்தது, வேறெந்த நாடும் அவ்வளவு எடுக்கவில்லை. அவர்களிடம் பனியும் இருக்கிறது, பணமும் இருக்கிறது, அது வேறு விசயம். ஆனால் பத்து வயதில் சும்மா விளையாட விட்டால் இருபது வயதில் தோற்றுப்போவான் என்ற எங்கள் பயத்துக்கு ஆதாரம் இல்லை.

பெற்றோரிடம் ஒரே ஒரு விசயம் கேட்கிறேன். ஆட்டம் முடிந்து மோட்டார் சைக்கிளில் பிள்ளையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவீர்களே, அந்தப் பத்து நிமிடம். முகம் தெரியாது, முதுகுதான் தெரியும். அந்த நேரத்தில் "ஏன் அந்தப் பந்தை விட்டனீ?" என்று தொடங்கினால் பிள்ளைக்குத் தப்பிப் போக வழியில்லை. நான் பார்த்த ஒரு தகப்பன், துறைமுகத்தில் வேலை செய்கிறவர், எட்டு கோல் வாங்கித் தோற்ற மகனை ஏற்றிக்கொண்டு "பசிக்குதா?" என்று மட்டும் கேட்டார். போகிற வழியில் ஒரு கடையில் கொத்துரொட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறார். சாப்பிட்டு முடித்த பிறகு மகனே வாய் திறந்து முதல் கோலிலிருந்து எட்டாவது கோல் வரை சொன்னானாம். அடுத்த நாள் பின்னேரம் நான்கரைக்கு, மற்றவர்களுக்கு முன்னால் மைதானத்துக்கு வந்து வலை கட்டிக்கொண்டிருந்தான்.

பேச நேரம் தந்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.