பார்வதி பள்ளத்தாக்குல காணாமப் போறவங்க | கசோல் போயிட்டு வந்து உக்காந்து பேசுறேன்

ஹாய் மக்களே வணக்கம். இன்னைக்கு ட்ரோன் ஷாட் கிடையாது, பிஜிஎம் கிடையாது, நம்ம வீட்டு மொட்டை மாடிதான். பின்னாடி தெரியுறது எங்கம்மா காயப்போட்ட வத்தல், காக்கா வந்துச்சுன்னா நடுவுல எந்திரிச்சு ஓடுவேன், கண்டுக்காதீங்க.

கசோல் வீடியோ போட்டதுல இருந்து நெறைய பேரு கேக்குறீங்க, ப்ரோ அந்தப் பக்கம் போறவங்க காணாமப் போறாங்களாமே, இந்தியாவோட பெர்முடா முக்கோணமாமே, ஏதோ சக்தி இருக்காமேன்னு. அந்தப் பெர்முடாங்கற வார்த்தையக் கேட்டாலே எனக்குக் கடுப்பாகுது, ஏன்னு போகப்போக சொல்றேன்.

மொதல்ல இடத்தச் சொல்லிடுறேன். இமாச்சல்ல குலு மாவட்டம். புந்தர்ங்கற ஊர்ல பார்வதி ஆறு வந்து பியாஸ்ல சேருது. அங்க இருந்து ஆத்தோரமாவே மேல போனா கசோல், அப்புறம் மணிகரண், அதான் குருத்வாரா, வெந்நீர் ஊத்துல துணி மூட்டை கட்டி அரிசி வேகவைக்கிறாங்கல்ல அந்த ஊரு, அதுக்கு மேல பர்ஷைனி. பர்ஷைனியோட பஸ்ஸு முடிஞ்சுது. அதுக்கப்புறம் நடைதான். பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர் நடந்தா கீர்கங்கா, நம்ம பசங்க லாங் வீக்கெண்டுல போயி வெந்நீர்ல உக்காந்து ரீல்ஸ் போடுறது அங்கதான். அதுக்கும் மேல போறவங்க ரொம்பக் கம்மி. துண்டா புஜ், தாக்குர் குவான்னு போயிட்டே இருந்தா மந்தலாய் ஏரி, 4,100 மீட்டர் பக்கம் வரும், பார்வதி ஆறு பொறக்குற இடம். அதையும் தாண்டி 5,319 மீட்டர்ல 'பின் பார்வதி பாஸ்'ங்கற மலைக் கணவாய், ஏறி எறங்குனா அந்தப் பக்கம் ஸ்பிதி பள்ளத்தாக்கு. நடுவுல ஊரு இல்ல, டவர் இல்ல, வெயில் காலத்துல ஆடு ஓட்டிட்டு வர்ற கத்தி ஆளுங்கதான், கத்தின்னா கையில புடிக்கிற கத்தி இல்ல, அவங்க இனத்துக்குப் பேரே அதான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். 1990கள்ல இருந்து கணக்கெடுத்தா ரெண்டு டஜனுக்கு மேல வெளிநாட்டுக்காரங்க குலு பக்கம் காணாமப் போயிருக்காங்கன்னு பேப்பர்ல திரும்பத் திரும்ப எழுதிருக்காங்க. 1991ல ஒரு ஆஸ்திரேலியப் பொண்ணு. 1996ல இங்கிலாந்துல இருந்து வந்த ஒரு காலேஜ் பையன். 1999ல ஒரு டச்சுக்காரர். 2015ல ஒரு போலந்துப் பையன், அவங்கப்பா அங்கிருந்து வந்து ஊரு ஊரா போட்டோவக் காட்டித் தேடினாரு. யாரு பேரையும் நான் சொல்லல, அந்தக் குடும்பமெல்லாம் இன்னும் இருக்கு.

ரொம்பப் பேசப்பட்டது 2016ல போன அமெரிக்கர். இவர் சும்மா டூரிஸ்ட் கிடையாது. காட்டுல நெருப்பு மூட்டுறது, தடம் பாத்துப் போறது, கையில ஒண்ணுமில்லாம தங்குறது, இதையெல்லாம் முறையா கத்துக்கிட்டவர். புல்லட்ல இந்தியா சுத்திட்டு, கீர்கங்கா போற பக்கம் ஒரு குகையில வாரக்கணக்குல தனியா தங்கிருக்காரு. அப்புறம் ஒரு சாதுவோட மந்தலாய் போறேன்னு கெளம்புறாரு. போறதுக்கு முன்னாடி இணையத்துல போட்ட கடைசிப் பதிவுல, செப்டம்பர் நடுவுல வந்துடுவேன், வரலன்னா என்னையத் தேடாதீங்கன்னு எழுதி கண்ணடிக்கிற ஸ்மைலி வேற போட்டிருக்காரு. நம்மளும் இப்படித்தான விளையாட்டா போடுவோம்? செப்டம்பர் ஆரம்பத்துல மந்தலாய் பக்கம் அவரப் பாத்தவங்க இருக்காங்க, அதுக்கப்புறம் இல்ல. சாது மட்டும் கீழ வந்தாரு.

அவங்கம்மா அமெரிக்கால இருந்து வந்து தேடுனது அக்டோபர்ல. தேதிய கவனிங்க, கிட்டத்தட்ட ஒரு மாசம் கழிச்சு. ஹெலிகாப்டர்ல தேடுனாங்க, ஆளுங்க நடந்து போயும் தேடுனாங்க. ஆத்துப் பக்கம் பையோட மழை கவரு, ஸ்கார்ஃப், ஊணிட்டு நடந்த கழி, இந்த மாதிரி கொஞ்சம் சாமான் கெடச்சுது. ஆளு கெடைக்கல. சாதுவ போலீஸ் புடிச்சு விசாரிச்சாங்க, அவரு லாக்கப்லயே செத்துட்டாரு, தூக்கு மாட்டிக்கிட்டாருன்னு போலீஸ் சொன்னாங்க. அவ்வளவுதான், கேஸு கோர்ட்டுக்கே போகல, அவர் மேல எதுவும் நிரூபணம் ஆகல. அதனால சாதுதான் கொன்னாருன்னு தம்ப்நெய்ல் வச்சு வீடியோ போடுறாங்க பாருங்க, அது தப்பு. ரெண்டு பேருமே இல்ல, யாரு வந்து பதில் சொல்றது?

ஏய் ச்சூ... ச்சூ! காக்கா. சாரி.

சரி, ஏன் ஆளு கெடைக்க மாட்டேங்குது? நான் அந்த ஆத்த நேர்ல பாத்தவன். படத்துல பாக்கும்போது பச்சையா அழகா இருக்கும். கிட்டப் போனா அது பால் கலர்ல பொங்கிக்கிட்டு ஓடுற ஐஸ் தண்ணி, ஒரு வீட்டு சைஸுக்குப் பாறைங்க கிடக்குது, அதுக்கு அடியில பூந்து தண்ணி போகுது. அதுக்குள்ள ஒரு ஆளு விழுந்தா பாறைக்கு அடியில சொருகிட்டா முடிஞ்சுது. இதுக்கு ஒரு கணக்கு சொல்றேன். 2014 ஜூன்ல ஹைதராபாத்ல இருந்து டூர் வந்த இன்ஜினியரிங் காலேஜ் பசங்க மண்டி மாவட்டத்துல தலோட்ங்கற இடத்துல பியாஸ் ஆத்துல அடிச்சுட்டுப் போனாங்க, அணையில இருந்து தண்ணி தொறந்து விட்டுட்டாங்க, 24 ஸ்டூடன்ட்ஸ். எந்த இடம்னு தெரியும், எந்த நேரம்னு தெரியும், ஹைவே ஓரம், கூட வந்தவங்க கண்ணு முன்னாடி நடந்தது, நேவி டைவர்ஸ் வரைக்கும் எறக்குனாங்க. அப்படியும் உடம்புங்கள எடுக்க வாரக்கணக்காச்சு. அப்போ எங்க விழுந்தான்னே தெரியாது, எந்த நாள்னு தெரியாது, ரோட்டுல இருந்து மூணு நாள் நடை, அங்க தனியா போனவனைத் தேட ஒரு மாசம் கழிச்சு ஆரம்பிச்சா எப்படிக் கெடைக்கும்? இதுல அமானுஷ்யம் எங்க இருந்து வருது?

எல்லாமே விபத்துதான்னும் நான் சொல்ல வரல. 2000ல டென்ட்ல தூங்கிட்டிருந்தவங்கள அடிச்சே கொன்னிருக்காங்க குலு மலையில, தாயும் பதினாலு வயசுப் பையனும் செத்தாங்க, கூட இருந்தவர் மட்டும் பொழச்சாரு. அந்தப் பள்ளத்தாக்குல சரஸ் வியாபாரம் இருக்குது, அதான் கஞ்சாச் செடில இருந்து எடுக்குற போதைப் பொருள், அதுக்கு அங்க இருக்குற மலானாங்கற கிராமத்துப் பேரு உலகம் பூரா தெரியும், அதுல காசு பொழங்குது, காசு பொழங்குற இடத்துல வம்பும் பொழங்கும். வேணும்னே காணாமப் போனவங்களும் இருக்கலாம், பாஸ்போர்ட்டக் கிழிச்சுப் போட்டுட்டு சாமியாராயிட்டாங்கன்னு அங்க டீக்கடைக்கு டீக்கடை ஒரு கதை. அப்புறம் உயரம். மூச்சு மட்டும் இல்ல, மேல போகப் போக சில பேருக்கு மூளையில நீர் கோத்துக்கும், குடிச்சவன் மாதிரி தள்ளாடுவான், எனக்கு ஒண்ணுமில்லன்னு அடிச்சும் சொல்லுவான். கூட ஆளு இருந்தா கையப் புடிச்சுக் கீழ எறக்கிடும். தனியா போனவனுக்கு யாரு இருக்கா?

இன்னொண்ணு. லாட்ஜ்ல வெளிநாட்டுக்காரங்க தங்குனா 24 மணி நேரத்துல லாட்ஜ்காரங்க அவங்க விவரத்த ஃபார்ம்ல ஃபில் பண்ணி அரசாங்கத்துக்கு அனுப்பணும். குகையில தங்குறவனுக்கு யாரு ஃபார்ம் போடுவா? நம்ம ஆளுங்களுக்கு அதுவும் இல்ல. ஆளே கெடைக்கலன்னா குடும்பத்துக்கு நம்ம சட்டப்படி ஏழு வருஷம், ஏழு வருஷமா உயிரோட இருக்கறதா யாரும் கேள்விப்படலன்னாதான் செத்ததா எடுத்துக்குவாங்க. அதுவரைக்கும் பேங்குல, எல்ஐசில போயி என்னன்னு சொல்லி நிப்பாங்க?

இப்ப என் கதை. இத அந்த வீடியோல கட் பண்ணிட்டேன், வெக்கமா இருந்துச்சு. கீர்கங்கால இருந்து எறங்கும்போது ரெண்டு வழி, நக்தான் பக்கம் ஒண்ணு, கல்கா பக்கம் காட்டுக்குள்ள ஒண்ணு. கூட வந்தவனுங்க நக்தான் பக்கம் போக, நான் ஃபுட்டேஜ் வித்தியாசமா வரும்னு கல்கா வழிய எடுத்தேன், தனியா, சாயங்காலம் நாலு மணிக்கு. வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறின காலு, இதெல்லாம் என்னான்னு ஒரு திமிரு. ஒரு எடத்துல வழி ரெண்டா பிரிஞ்சுது, அகலமா இருந்ததுல போனேன். அது ஆட்டு வழி. அம்பது அடி போனதும் சின்னதாச்சு, அப்புறம் வெறும் தேவதாரு சருகு, வழுக்குது, கீழ ஆறு. விசில் அடிச்சேன். சத்தியமா சொல்றேன், நான் அடிக்கிற விசில் எனக்கே சரியா கேக்கல, அந்த ஆத்து எரைச்சல் அப்படி. கத்திப் பாத்தேன், வாயில இருந்து வெளிய வந்ததும் சத்தம் செத்துப் போயிடுது. அந்த எடத்துல இருந்து பர்ஷைனி பஸ் ஸ்டாப்பு ஒரு மூணு கிலோமீட்டர்தான் இருக்கும்.

முக்கா மணி நேரம். அப்புறம் மேல இருந்து ஒரு பெரியவர், தோள்ல கம்பளி, ஆட்ட ஓட்டிட்டு வந்தாரு. "உதர் நஹீ, உதர் நஹீ", அந்தப் பக்கம் இல்லன்னு இந்தில சொல்லி கைய ஆட்டுனாரு. அவர் பின்னாடியே நடந்தேன், பேசவே இல்ல, ஒரு பீடிய மட்டும் நீட்டுனாரு, எனக்குப் பழக்கமில்ல, ஆனா வாங்கிப் பாக்கெட்ல வச்சுக்கிட்டேன். இன்னும் இருக்குது.

பர்ஷைனி வந்து சிக்னல் வந்ததும் போனு அதுபாட்டுக்கு அடிச்சுக்கிட்டே இருக்கு, அம்மாகிட்ட இருந்து பதினேழு மிஸ்டு கால். எடுத்தவுடனே கேட்டாங்க, எங்கடா இருக்கன்னு. பர்ஷைனின்னேன். "அது எந்த ஊருடா, நீ குலுமணாலின்னுதான சொன்ன?" அப்பதான் எனக்கு ஒறச்சுது, நான் அன்னைக்கு வரலன்னா எங்கம்மா போலீஸ்ல சொல்லிருக்கக்கூடிய ஒரே எடம் குலுமணாலி. நான் நின்ன எடத்துக்கும் மணாலிக்கும் சம்பந்தமே இல்ல, வேற பள்ளத்தாக்கு, வேற ஆறு.

அடுத்து ஜூன்ல ஸ்பிதி பக்கம் போறேன். ரூட்டு, தங்குற ஊரு, திரும்புற தேதி எல்லாம் தமிழ்ல எழுதி காலண்டருக்குப் பின்னாடி ஒட்டிருக்கேன். அம்மா அதப் படிச்சுட்டு, ஸ்பிதில காஸான்னு ஒரு ஊரான்னு சிரிக்கிறாங்க... இருங்க இருங்க, மறுபடி காக்கா.