தாத்தா போட்ட சட்டை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மற்ற மரியாதைகளை நன்றியுரை சொல்பவர் பார்த்துக்கொள்வார்.

"நெஞ்சில் நிலைப்பது சோகப் பாடலா, உற்சாகக் காதல் பாடலா?" என்ற தலைப்பில் நான் காதலின் பக்கம் நிற்கிறேன். பீட்டில்ஸ் இசைக்குழுவில் இருந்த ஆங்கிலேயப் பாடகர் பால் மெக்கார்ட்னி 2012-இல் வெளியிட்ட காதல் பாடல் தொகுப்பை எங்கள் அணியினர் பாராட்டியபோது எதிரணி நண்பர், "எழுபதை எட்டப்போகும் வயதில் அவர் காதல் பாட்டுப் பாடியது, பேரன் சட்டையைத் தாத்தா மாட்டிக்கொண்ட கதை" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். எனவே என் குறிப்புகளை மடித்து வைத்துவிட்டு, அந்தச் சட்டையைப் பற்றியே பேசுகிறேன்.

அத்தொகுப்பின் 14 பாடல்களில் 12 பழைய பாடல்கள். பெரும்பாலும் அவருடைய தந்தையின் தலைமுறை பாடி மகிழ்ந்தவை. ஆகவே அது பேரன் சட்டையன்று, அப்பன் சட்டை! கிராமி விருதும் அந்தச் சட்டைக்குக் கிடைத்தது.

மீதமுள்ள இரண்டில் ஒன்று பிறந்த கதையைக் கேளுங்கள். பின்னாளில் மனைவியான நான்சியுடன் மொராக்கோவுக்கு விடுமுறைக்குப் போயிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. இவர் மன்னிப்புக் கேட்கிறார். அந்த அம்மையாரோ, மழை பெய்தால் என்ன, மகிழ்ச்சியாகவே இருக்கலாம் என்கிறார். நடுவர் அவர்களே, மழைக்கு மன்னிப்புக் கேட்ட ஆண்மகனைக் கண்டதுண்டா? தாமே உடைத்த கோப்பைக்குக்கூட மன்னிப்புக் கேட்காதவர்கள் எதிரணியில் மூவர் அமர்ந்திருக்கிறார்கள். இவர் கேட்டது மழைக்கு, ஐயா, மழைக்கு! விடுதியில் இருந்த பழைய பியானோவின் முன் அமர்ந்து, அந்த அம்மையார் சொன்ன பதிலையே பாட்டாக்கிவிட்டார். மெட்டில் மழைநாளின் சோர்வு கொஞ்சம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். வரிகளில் கவலையே இல்லை. அதற்குக் கிதார் வாசித்த எரிக் கிளாப்டனுக்குப் பாட்டு வெளிவந்தபோது வயது 66. ஆக, ஒரே சட்டைக்குள் இரண்டு தாத்தாக்கள்!

மெக்கார்ட்னியின் புகழ்பெற்ற சோகப் பாடலான 'யெஸ்டர்டே'யை எதிரணி பெரிய ஆயுதமாக வீசியது. 1965-இல் அதைப் பதிவு செய்தபோது இவருக்கு 22 வயது. 22 வயதில் சோகத்தைப் பாடியவர், 69 வயதில் காதலைப் பாட வந்தார் என்றால், இடையில் எவ்வளவு இழந்திருப்பார் என்று யோசியுங்கள். தாயை இழந்தபோது வயது 14. முதல் மனைவி லிண்டாவை 1998-இல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார்.

தாய் போன பிறகு, இரண்டு பிள்ளைகளோடு தனித்து நின்ற தந்தை ஜிம், பஞ்சு விற்பனையாளர். காதால் கேட்டே பியானோ பழகியவர். புத்தாண்டுக்கு உறவினர் கூடும்போதெல்லாம் அந்தப் பழைய காதல் பாடல்களைத்தான் வாசிப்பார். வீடே சேர்ந்து பாடும். அந்த மனிதருக்கா சோகம் தெரியாது? அவர் 1976 மார்ச்சில் மறைந்தார். காதலைத் தவிர எழுதத் தெரியாதா என்று கேலி செய்தவர்களுக்குப் பதிலாக மகன் எழுதிய காதல் பாட்டும் அதே மாதத்தில்தான் இசைத்தட்டில் வெளிவந்தது. பின்னர் அமெரிக்காவில் 5 வாரம் முதலிடத்தில் இருந்தது.

நடுவர் அவர்களே, எங்கள் அணியை வேண்டுமானால் தோற்கடியுங்கள். அந்த ஜிம்மைத் தோற்கடித்துவிடாதீர்கள். நன்றி, வணக்கம்.