தண்ணியில்லாக் காட்டிலிருந்து பேசுகிறேன்

(ராமநாதபுரம் மாவட்டம் முதுகுளத்தூர் வட்டாரத்துக் கிளை நூலகம் ஒன்றின் வாசகர் வட்டம் நடத்திய பொங்கல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே! ஐயாவிடம் வாய்ப்பாடு தப்பாகச் சொல்லி முட்டி போட்டவர்களில் பாதிப்பேர் இப்போது இந்த மேடையில்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறோம். முன்னிலை வகிக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, வரவேற்புரையை வாழ்த்துரை அளவுக்கு நீட்டி எங்களுக்கு டீ குடிக்க நேரம் வாங்கித் தந்த நூலகர் அவர்களே, பொன்னாடை போர்த்திய வர்த்தகர் சங்கத்து அண்ணன்மார்களே, "மைக்கை வாயில முட்டாம பேசுங்கண்ணே" என்று என்னை எச்சரித்துவிட்டுப் போன ஒலிபெருக்கித் தம்பி அவர்களே, பின்வரிசையில் நின்றுகொண்டே கேட்கும் மடைக்காரப் பெரியவர்களே, தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் பொங்கல் வணக்கம்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு "ஊருக்கு ஒரு பேர், பேருக்கு ஒரு சிரிப்பு". ஒரு ஊர்க்காரனைப் பற்றி மற்ற ஊர்க்காரர்கள் கட்டிவிடும் கதைகளையும், அதற்கு அந்த ஊர்க்காரன் சிரித்துக்கொண்டே சொல்லும் பதிலையும் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். ஒன்று, நம் மாவட்டத்துக்குத் தண்ணியில்லாக் காடு என்று வந்த பேர். இரண்டு, நம்மை எப்போதும் அரிவாளோடு காட்டும் சினிமாக்காரர்கள். மூன்று, நம் பேச்சை நையாண்டி செய்கிறவர்கள்.

நம்மைப் பற்றி மட்டுமா பேசுகிறார்கள்? கோயம்புத்தூர்க்காரர் "ஏனுங்க" என்று ஆரம்பித்தாலே எதிரில் இருப்பவர் பையைத் தடவிப் பார்த்துக்கொள்வார். அவ்வளவு மரியாதையாகப் பேசினால் எங்கேயோ குசும்பு ஒளிந்திருக்கிறது என்று அர்த்தமாம். கோவைக்காரரே அதை ஒப்புக்கொண்டு, "குசும்பு எங்க ஊருல குடிசைத் தொழிலுங்க" என்பார். திருநெல்வேலிக்காரரை ஏமாற்றப் போனால் "எங்களுக்கேவா அல்வா?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிடுவார். தஞ்சாவூர்க்காரருக்குச் சாப்பாட்டு நினைப்பைத் தவிர வேறு நினைப்பே கிடையாது என்று சொன்னால், "வயல் எங்களது, வயிறும் எங்களது, உங்களுக்கு எங்கே வலிக்கிறது?" என்பார். சென்னைக்காரரைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. அவரே "இன்னாபா" என்று ஆரம்பித்துத் தன்னைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்.

இதெல்லாம் அண்ணன் தம்பிக் கேலி. நம் ஊருக்கு வந்த பேர் அப்படி இல்லை. அது அரசாங்க முத்திரை குத்தி வந்த பேர். அலுவலகத்தில் யாராவது மேலதிகாரியை எதிர்த்துப் பேசினால் என்ன சொல்வார்கள்? "தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கி அடிச்சிருவேன்!" பேர் சொல்லாவிட்டாலும் எந்த மாவட்டம் என்று எல்லோருக்கும் தெரியும். நாம் பிறந்து வளர்ந்து குலசாமி கும்பிடும் ஊர் இன்னொருத்தருக்குத் தண்டனை!

இதற்கு நம் பெரியவர்கள் சொன்ன பதில் உங்களுக்குத் தெரியும். "நம்ம ஊருக்கு மாத்தலாகி வர்ற ஆபீசர் வரும்போதும் அழுவாரு, போகும்போதும் அழுவாரு." கேட்டவுடன் சிரிப்பு வருகிறது. இதில் நடந்த கதை ஒன்று இருக்கிறது. தலைவர் அனுமதித்தால் சொல்கிறேன். அவர் தலையசைப்பதற்குள் ஆரம்பித்தும் விடுகிறேன்.

ரொம்ப வருஷத்துக்கு முந்தி ஒரு அதிகாரி நம் பக்கம் மாற்றலாகி வந்தார். எந்தத் துறை, எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம், நல்ல மனுஷன். குடும்பத்தோடு பரமக்குடியில் ரயிலை விட்டு இறங்கி, ஒரு வேன் பிடித்து வந்து சேர்ந்தார். பின்னாலேயே சாமான் லாரி வந்தது. கட்டில் இறங்கியது, பீரோ இறங்கியது. அப்புறம் மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம் ஒன்று, இரண்டு, மூன்று என்று இறங்கிக்கொண்டே இருந்தது. தெரு முனை டீக்கடை அண்ணன் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர், "என்ன சார், மண்ணெண்ணெயா?" என்று கேட்டார். "இல்லப்பா, தண்ணி" என்றார் அதிகாரி. டீக்கடை அண்ணன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "நல்லதா போச்சு சார். ஊர்ல விசேஷம் வந்தா உங்களத்தான் கேக்கணும்" என்றார்.

சாயங்காலம் அதிகாரி டீ குடிக்க வந்தார். கையில் சொந்தத் தண்ணீர் பாட்டில். "இதுல போட்டுக் குடுப்பா" என்றார். அண்ணன் மறுபேச்சில்லாமல் வாங்கிப் போட்டுக் கொடுத்தார். அதிகாரி ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "என்னப்பா டீ இது, சப்புன்னு இருக்கு?" அண்ணன் சொன்னார்: "தூள் நம்மளது, பாலு நம்மளது, சீனி நம்மளது. தண்ணி மட்டும் உங்க ஊருது சார்." மறுநாளிலிருந்து அதிகாரி பாட்டிலைக் கொண்டுவரவில்லை.

கதை அங்கே முடிந்திருந்தால் நான் இவ்வளவு நீட்டியிருக்க மாட்டேன். கார்த்திகை மாசம் வந்தது. வங்காள விரிகுடாவில் காற்றழுத்தம். ராத்திரி பிடித்த மழை விடியவிடியக் கொட்டியது. அதிகாரிக்குப் பார்த்துக் கொடுத்த வீடு புதுசு, டைல்ஸ் போட்ட வீடு, ஊருக்குக் கொஞ்சம் தள்ளி. அது இருந்த இடம் மட்டும் பள்ளம். விடிகாலையில் அவர் கட்டிலை விட்டுக் காலை கீழே வைத்தால் முழங்கால் அளவுத் தண்ணீர்! அவர் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்த டிரம்கள் காலியாகக் கிடந்தன அல்லவா, அவை வாசலைத் தாண்டித் தெருவில் மிதந்து போய்க்கொண்டிருக்கின்றன. அதிகாரி வேட்டியை மடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுகிறார். டீக்கடை அண்ணன் கடை பெஞ்சின் மேல் ஏறி நின்று கூப்பிட்டார்: "சார்! தண்ணியில்லாக் காட்டுக்கு வர்றீங்க, நீச்சல் படிச்சிட்டு வரக் கூடாதா?"

(இந்த இடத்தில் கூட்டம் சிரித்து ஓயக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தலைமையாசிரியர் ஐயாவும் சிரித்தார் என்பதைப் பதிவு செய்கிறேன்.)

அந்த அதிகாரி மாற்றல் உத்தரவு வந்து போகும்போது அழுதார். லாரியில் குண்டு மிளகாய் ஒரு மூட்டை, சாயல்குடிக் கருப்பட்டி ஒரு பெட்டி. டிரம்களை டீக்கடை அண்ணனுக்கே கொடுத்துவிட்டார். அந்தக் குண்டு மிளகாய்க்குத்தான் 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தண்ணியில்லாக் காட்டில் விளைந்த காரம் ஐயா அது!

சரி, சிரித்தோம். இப்போது நான் கேட்பதற்குப் பதில் சொல்லுங்கள். அந்த வீட்டுக்குள் தண்ணீர் ஏன் வந்தது? ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். வீடு நின்ற இடம் கண்மாய்க்குப் போகும் வரத்துக்கால். தண்ணீர் தன் பழைய பாதையில்தான் வந்தது. நடுவே கட்டில் கிடந்ததற்கு அது என்ன செய்யும்?

நம் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. எப்போதும் குடையோடு திரிகிறார்களே லண்டன்காரர்கள், அவர்களுக்குக் கிடைப்பது 600 மில்லிமீட்டர் அளவில்தான். அவர்களுக்கு வருஷம் பூராவும் தூறுகிறது, நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிறது. கொட்டுகிறபோது பிடித்து வைக்க வேண்டும். அதற்காகத்தான் நம் முன்னோர்கள் ஊருக்கு ஊர் கண்மாய் வெட்டினார்கள். மேலூர்க் கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து கீழூர்க் கண்மாய்க்குப் போகும். இங்கேதான் எனக்குப் பிடித்த சொலவடை வருகிறது. எந்த மேடையிலும் இதைச் சொல்லாமல் நான் இறங்கியதில்லை என்று நண்பர்கள் கேலி செய்வார்கள், செய்யட்டும். ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயைப் பற்றி நம் ஆட்கள் என்ன சொன்னார்கள்? "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை!" நாரையே ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாதாம். நாற்பத்தெட்டு மடை வைத்துக் கண்மாய் கட்டிய மண்ணுக்குத் தண்ணியில்லாக் காடு என்று பேர்!

நம் வைகையையும் கேலி செய்தார்கள். கடலுக்குப் போய்ச் சேர வக்கில்லாத ஆறு என்றார்கள். ஒரு பழைய தனிப்பாடல் அதற்குப் பதில் சொல்லிவிட்டது. பாற்கடலைக் கடைந்தபோது கடல்தானே சிவபெருமானுக்கு நஞ்சைக் கொடுத்தது? அந்தப் பாவி முகத்தில் விழிக்க மாட்டேன் என்று வைகை கடலுக்குப் போகாமல் நின்றுவிட்டதாம்! எப்பேர்ப்பட்ட வீம்பு பாருங்கள்! பார்த்திபனூர் மதகணையில் பிரிந்து, வழியெல்லாம் கண்மாய்களை நிரப்பி, கடைசியில் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து விழுகிறது. மிச்சம் மீதி இருந்தால் ஆற்றங்கரைப் பக்கம் கடலைத் தொடும். குறையைப் பெருமையாக மாற்றிச் சிரிக்கும் சாமர்த்தியம் நமக்கு அன்றைக்கே இருந்திருக்கிறது.

இந்தச் சாமர்த்தியத்தின் மேல்தான் எனக்கு வருத்தம். வெளியூர்க்காரர் வாயை அடைக்க நாம் கண்டுபிடித்த நகைச்சுவை நம் வாயையும் சேர்த்து அடைத்துவிட்டது. கண்மாய் தூர்ந்து கிடக்கிறதே என்று கேட்டால், "தண்ணியில்லாக் காட்டுல கண்மாய் எதுக்கு?" என்று நாமே சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். என் அப்பத்தா கண்மாய்க்குள் ஊற்றுத் தோண்டி உட்கார்ந்திருப்பாள். குழிக்குள் ஆள் தலை மட்டும் தெரியும். கொட்டாங்குச்சியால் சுரண்டிச் சுரண்டி எடுத்து, முந்தானையை மடித்துக் குடத்து வாயில் பிடித்து வடிகட்டி ஊற்றுவாள். ஒரு குடம் எடுத்தால் ஊறும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் பக்கத்துக் குழிக்காரியோடு பேசுகிற பேச்சில் ஊரே சிரிக்கும். "உன் மாமியா வாய மாதிரி இந்த ஊத்து என்னைக்காச்சும் ஓயாம இருக்காடி?" என்பாள். பேச்சு சிரிப்புத்தான். ஆனால் இடுப்பு வலி இடுப்பு வலிதான். பிறகு நம் பெண்கள் வரிசையாகக் குடம் பதிக்கும் தள்ளுவண்டிக்கு மாறினார்கள். "தண்ணி இல்லாத ஊருக்குப் பொண்ணு குடுக்க மாட்டோம்" என்று சம்பந்தம் பேச வந்தவர்கள் எழுந்து போனதுண்டு. மாப்பிள்ளை வீட்டார், "தள்ளுவண்டிக்குப் புது டயர் போட்டுட்டோம்" என்று சொல்லிச் சமாளித்ததும் உண்டு. காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது, மறுக்கவில்லை. எல்லாத் தெருவிலும் தினம் வருகிறதா என்று தாய்மார்களைக் கேட்டால் சொல்வார்கள்.

1985-ல் பழைய ராமநாதபுரம் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தார்கள். 2018-ல் மத்திய அரசு பின்தங்கிய மாவட்டங்களைக் கைதூக்கிவிட ஒரு பட்டியல் போட்டபோது, தமிழ்நாட்டிலிருந்து இரண்டு பேர் அதில் இருந்தன: ராமநாதபுரம், அதிலிருந்து பிரிந்த விருதுநகர். பாகம் பிரித்தும் பாசம் விடவில்லை!

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். அரிவாள். நம் பக்கத்துப் பட்டறை ஒன்றில் வெளியூர் ஆள் ஒருத்தர், "வருஷத்துக்கு எத்தனை அரிவாள் போகும்?" என்று பயந்துகொண்டே கேட்டார். பட்டறைக்காரர் சொன்னார்: "கருவேலு இருக்கிற வரைக்கும் குறைவில்லாம போகும் சார்." அரிவாள் பற்றி இவ்வளவு போதும், ஏனென்றால் கருவேல் என்று வாயில் வந்துவிட்டது.

சீமைக் கருவேலை நான் ஒரேயடியாகத் திட்ட மாட்டேன். பஞ்ச காலத்தில் வெள்ளாட்டுக்கு நெற்று, அடுப்புக்கு விறகு, கரிமூட்டம் போட்டவர் வீட்டில் கஞ்சி, எல்லாம் அது கொடுத்தது. நன்றி மறக்கக் கூடாது. பட்டாக் காட்டில் வளரட்டும், வெட்டி மூட்டம் போடட்டும். கண்மாய்க்குள் அதற்கு என்ன வேலை? உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரைக்கும் போன விவகாரம் இது. அதற்குப் பிறகும் நம் வரத்துக்காலில் அது காடாக நிற்கிறது. காவிரி, வைகை, குண்டாறு இணைப்புக்கு 2021-ல் அடிக்கல் நாட்டினார்கள். அந்தத் தண்ணீர் வரும்போது வரட்டும். வந்தாலும் எந்த வழியாக நம் கண்மாய்க்குள் நுழையும் என்று யாராவது பார்த்தோமா?

ஒன்று சொல்லட்டுமா? சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. இரண்டும் என்ன? நம் கண்மாய்கள்தான். கரையோரத்து நாட்டுக் கருவேலில் மஞ்சள் மூக்கு நாரை வந்து கூடு கட்டுகிறது. யாரும் அதற்குத் தண்டனை மாற்றல் போடவில்லை, தானே கேட்டு வருகிறது. நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று சொன்ன வாய்க்கு, நாரை வந்து இறங்கத் தண்ணீர் நிறுத்திக் கொடுக்கும் கடமையும் உண்டா இல்லையா?

மூன்றாவது விஷயம், நம் பேச்சு. அதை அடுத்த ஆண்டு அழைத்தால் சொல்கிறேன். அழைப்பார்களா என்பது இப்போது நான் சொல்லப்போவதைப் பொறுத்தது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நம் கண்மாயின் வரத்துக்காலில் கூடுகிறோம். மண்வெட்டி இருப்பவர்கள் மண்வெட்டி, அரிவாள் இருப்பவர்கள் அரிவாள், இரண்டும் இல்லாதவர்கள் தண்ணீர்க் குடம். முதல் மடையிலிருந்து கலுங்கு வரை அன்றைக்கு முடியாது, தெரியும். பாலத்தடி வரைக்கும் முள்ளை வெட்டி ஒதுக்கினாலே வருகிற ஐப்பசிக்குத் தண்ணீர் உள்ளே வரும். பெரிய இயந்திர வேலைக்கு முறைப்படி அனுமதி கேட்டு மனு எழுதியிருக்கிறோம், தலைவர் அம்மா முதல் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கைதட்டுங்கள், இன்னும் பலமாக! மிச்சக் கையெழுத்துக்கான நோட்டு நூலகர் மேஜையில் இருக்கிறது. பேனா நூலில் கட்டியிருக்கிறது, யாரும் கொண்டுபோக முடியாது. கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டும்தான் பொங்கல் கொடுக்க வேண்டும் என்று சமையல்கார அண்ணனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.