ஸ்டேப்லர் பின் வாங்கிக்கிட்டு வா!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

மறைந்த பிறகும் ஒரு தொழிலதிபரை நினைக்க வைப்பது அவர் சேர்த்ததா, கொடுத்ததா? இதுதான் கேள்வி. 'கொடுத்ததே' என்று பேச நான் நாலு பக்கம் எழுதி வந்தேன். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன். காரணம், எதிரணி நண்பர் போகிற போக்கில் வீசிய ஒரு கல். "அச்சகம் நடத்திய உங்கள் அத்தை கணக்குத் தெரியாமல் வாரிக் கொடுத்தார். கொஞ்சம் சேர்த்து வைத்திருந்தால் மருமகன் மேடை மேடையாகப் பேசிப் பிழைக்க வேண்டியிருக்குமா?"

நல்லாக் கைதட்டினீர்கள். இருக்கட்டும்.

யாருக்குக் கணக்குத் தெரியாது? என் அத்தைக்கா? ஒரு ரீம் என்றால் 500 தாள். 498 இருந்தால் வண்டியையே திருப்பி அனுப்புவார். என்னைக் கடைக்கு அனுப்பினால், படியேறும்போதே "மீதி எங்கே?" என்று குரல் வரும். சாமானை அப்புறம்தான் பார்ப்பார்.

அந்த அச்சகத்தில் தீராத ஒரு தட்டுப்பாடு உண்டு. ஸ்டேப்லர் பின். மை இருக்கும், காகிதம் இருக்கும், பின் மட்டும் இருக்காது. அத்தை திடீரென்று கத்துவார்: "கணக்குப்பிள்ளை, பின் தீர்ந்துபோச்சு, போய் வாங்கிக்கிட்டு வாங்க!" அவர் தயங்குவார். "அம்மா, நேற்றுத்தானே..." "நேற்று நேற்றோட போச்சு. கிளம்புங்க!" பாவம், வெயிலிலும் போவார், மழையிலும் போவார். ஒரு பெட்டியில் ஆயிரம் பின். இந்த அம்மா அதைக் கொறித்துத் தின்கிறாரா என்று என்னிடமே கேட்டிருக்கிறார்.

அத்தை காலமான பிறகு அவர் மேஜையின் கீழ் இழுப்பறையைத் திறந்தோம். திறக்கவில்லை. இழுத்தோம், இறுகிக் கிடந்தது. நானும் கணக்குப்பிள்ளையும் சேர்ந்து இழுத்தோம். படாரென்று வந்து விழுந்தது. உள்ளே என்ன? பத்திரமா? பணமா? ஸ்டேப்லர் பின்! பெட்டி பெட்டியாக, ஒட்டுக்கூடப் பிரிக்காமல்!

நான் சிரித்தேன். கணக்குப்பிள்ளை சிரிக்கவில்லை. தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "தம்பி, அம்மா என்னைப் பின் வாங்க அனுப்பும்போதெல்லாம் அவங்க எதிர் நாற்காலியில் யாராவது தலைகுனிந்து உட்கார்ந்திருப்பாங்க. இப்பத்தான் புரியுது" என்றார். கேட்பவர் மூன்றாம் ஆள் முன்னால் வாய்திறந்து கேட்க வேண்டாம், அவ்வளவுதான். எதிரணி நண்பரே, கணக்குக் கேட்டீர்களே, அந்தப் பெட்டிகளை எண்ணிக்கொள்ளுங்கள்.

கொடுத்தால் தொழில் படுத்துவிடும் என்றும் சொன்னீர்கள். அமெரிக்காவில் சலவைத் தொழிலாளியாக இருந்து பெரிய முதலாளியான மேடம் சி. ஜே. வாக்கர் 1917இல் தன் முகவர்களைக் கூட்டினார். அதிகம் விற்றவர்களுக்குப் பரிசு; அதிகம் தர்மம் செய்தவர்களுக்கும் பரிசு! தொழில் படுத்ததா? வள்ளுவரும் ஈகையை 23ஆம் அதிகாரமாக வைத்துவிட்டு, 24இல்தான் புகழை வைத்தார். பொருள் சேர்க்கும் வழி வருவதோ 76இல். வரிசை தெரியாமலா வைத்தார்?

மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே. ஒரே நிமிடம்.

ஒருநாள் கணக்குப்பிள்ளை விடுமுறை. நான் கல்லூரியில் சேர வேண்டிய நேரம். அத்தை என்னைப் பார்த்துக் கத்தினார்: "டேய், பின் தீர்ந்துபோச்சு, வாங்கிக்கிட்டு வா!" முணுமுணுத்துக்கொண்டே ஓடினேன். இழுப்பறையைத் திறந்த அன்றைக்குத்தான், அந்த நாளில் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது யார் என்பது நினைவுக்கு வந்தது. என் அப்பா. தங்கையிடம் வாய்விட்டு ஒன்றுமே கேட்டறியாத மனிதர்.

நான் படித்தேன் நண்பரே. அந்தப் படிப்பில்தான் இந்த மேடையில் நின்று பிழைக்கிறேன். அத்தை எனக்குச் சேர்த்து வைக்கவில்லை என்றா சொன்னீர்கள்?

அன்றைக்குப் பின்னோடு திரும்பி வந்தேன். மீதிச் சில்லறை என் உள்ளங்கையில் வேர்த்துக் கிடந்தது. அத்தை கேட்கவே இல்லை. அந்த ஒரு நாள்தான் அவர் கணக்குத் தப்பியது.

தீர்ப்பை நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள் நடுவரே. என்னால் இதற்கு மேல் பேச முடியாது.